நீ யாரு ஆளு?

திருப்பூரில் நூல் விலைக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடும் பெயர் டிரம்ப். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்றானதிலிருந்து, அந்த மனிதர் காலையில் என்ன பதிவு போட்டார், ராத்திரி அதை எப்படி மாற்றிப் பேசினார் என்பதெல்லாம் எங்கள் பேக்கரிப் பேச்சாகிவிட்டது. பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு அமெரிக்க பையரின் மெயில்தான் சோறு. அதனால் வெள்ளை மாளிகைச் செய்திகளை நான் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை, வேறு வழியில்லாமல் படித்தேன்.

வரியைப் பற்றிப் படிக்கப் போனவன் இன்னொரு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். அதே ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத்தின் உளவு அமைப்பான டி.ஐ.ஏ.வின் தலைவர் ஜெஃப்ரி குரூஸ் பதவியிலிருந்து தூக்கப்பட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 22 அன்று, ஈரானின் ஃபோர்தோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்கள் மேல் அமெரிக்கா குண்டு போட்டிருந்தது. மொத்தமாக அழித்துவிட்டோம் என்றார் டிரம்ப். குரூஸின் அமைப்பு எழுதிய முதற்கட்ட அறிக்கையோ, ஈரானின் திட்டம் சில மாதங்கள்தான் பின்தங்கும் என்றது. அது பத்திரிகைகளுக்குக் கசிந்துவிட்டது. கடைசியில் ஆள் வெளியே. நம்பிக்கை போய்விட்டது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அந்த அறிக்கைதான் காரணம் என்று யாரும் கையெழுத்துப் போட்டுச் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் யார்தான் சொல்லுவார்கள்?

அதற்கு முன்னால் மே மாதத்தில் இன்னொன்று நடந்தது. வெனிசுலாவின் ஒரு குற்றக் கும்பலை அந்நாட்டு அரசே இயக்குகிறது என்பது வெள்ளை மாளிகையின் வாதம். அதைக் காட்டித்தான் பலரை நாடு கடத்தினார்கள். தேசிய உளவு மன்றத்தின் மதிப்பீடு, அப்படி அரசு இயக்குவதாகத் தெரியவில்லை என்றது. மன்றத்தின் பொறுப்புத் தலைவரும் அவருக்கு அடுத்தவரும் நீக்கப்பட்டார்கள். நீக்கியவர் துளசி கபார்ட், எல்லா உளவு அமைப்புகளுக்கும் மேலே உட்கார்ந்திருந்த இயக்குநர். அடுத்த மாதமே அவருக்கும் ஒரு குட்டு விழுந்தது. ஈரான் அணுகுண்டு தயாரிக்கவில்லை என்று மார்ச்சில் செனட் குழுவின் முன் கபார்ட் சொன்னதை நிருபர்கள் எடுத்துக் காட்டியபோது, அவர் சொன்னதைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று விமானத்தில் வைத்தே சொல்லிவிட்டார் டிரம்ப். கபார்ட் கோபித்துக்கொள்ளவில்லை. பத்திரிகைகள் திரித்துவிட்டன என்றார். ஈரான் நினைத்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ குண்டு செய்துவிடும் என்று சேர்த்துக்கொண்டார்.

பேக்கரியில் இதற்கு இரண்டு கட்சி. சாயப்பட்டறை வைத்திருக்கும் நண்பர், “அதிகாரிக எல்லாஞ் சேந்து அந்தாளக் கவுக்கப் பாக்கறாங்க. ஓட்டு வாங்கி வந்தவன் பேச்சக் கேக்கோணுமா, பரீட்சை எழுதி வந்தவன் பேச்சக் கேக்கோணுமா?” என்றார். லேசான கேள்வியில்லை இது. செக்கிங் கான்ட்ராக்ட் எடுக்கும் இன்னொருவர், துப்புச் சொல்கிறவன் வாயை அடைத்தால் குழியில் விழுவது தலைவன்தான் என்றார். அதுவும் சரி. நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. அதற்குக் காரணம் என் பெரியப்பா.

பெரியப்பா போலீஸில் தனிப்பிரிவு ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவிநாசிக்கு வடக்கே தோட்டத்துச் சாளையில் நாலு மாட்டோடு இருக்கிறார். தனிப்பிரிவு என்றால் சினிமாவில் வருகிற மாதிரி கறுப்புக் கண்ணாடியும் காரும் கிடையாது. மப்டியும் ஒரு பழைய டி.வி.எஸ். 50 வண்டியும்தான். கட்சிக் கூட்டம், கோயில் நோம்பி, விசைத்தறிக் கூலிப் பேச்சு, சாயக்கழிவு எதிர்ப்பு, சாதிச் சங்க மாநாடு, எது நடந்தாலும் ஓரமாக நின்று பார்த்துவிட்டு ராத்திரிக்குள் மேலே சொல்லியாக வேண்டும். அவர் யார் என்பது கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் தெரியும். “வாங்க ஏட்டய்யா, முன்னாடி வந்து உக்காருங்க, நல்லாக் கேக்கும்” என்று மைக்கிலேயே கூப்பிட்டவர்கள் உண்டாம்.

கூட்டத்தில் தலை எண்ணுவது எப்படி என்று அவர் சொல்லிக் கேட்க வேண்டும். மேடையைப் பார்க்கவே கூடாது. முதலில் சேர் வாடகைக்கு விட்டவரைத் தேடிப் போக வேண்டும். எத்தனை இறக்கினீர்கள் என்று கேட்டால் அவரிடம் பொய் வராது. அது அவருக்குப் பில். அப்புறம் ஊருக்கு வெளியே நிற்கும் டெம்போக்களையும் பஸ்களையும் எண்ண வேண்டும். டிரைவர்களிடம் பீடிக்கு நெருப்புக் கேட்கிற சாக்கில் எந்த ஊர் வண்டி, எத்தனை பேர் ஏறினார்கள் என்று பிடுங்க வேண்டும். பிறகு சோற்றுப் பொட்டலம். மிச்சமானதைத் திருப்பி ஏற்றுகிறார்களா, பத்தாமல் போய்ச் சண்டை நடக்கிறதா? கடைசியில் நிற்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. அவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர் ஜனம், அதைக் கழிக்க வேண்டும். இப்படியெல்லாம் சேர்த்துக் கழித்து ஆயிரத்து எழுநூறு என்று அனுப்பினால், ஆளுங்கட்சிக் கூட்டமாக இருந்தால் மேலே போகப் போக அது நாலாயிரம் ஆகுமாம். எதிர்க்கட்சியாக இருந்தால் எழுநூறு.

ஒரு தடவை அமைச்சர் ஒருவர் பேசிய கூட்டத்துக்கு அவர் சிறிய எண்ணிக்கை எழுதினார். மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. எப்படி எண்ணினாய் என்று கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி: “நீ யாரு ஆளு?” கொஞ்ச நாளில் மாற்றல் உத்தரவு.

“எண்ணிக்கை தப்புன்னு சொல்லிருந்தா சேர்க்காரனக் கூட்டிட்டு வந்து நிறுத்திருப்பன் கண்ணு. அதையா கேட்டாங்க?”

இதைக் கேட்ட பிறகு எனக்கு 2017 ஜனவரி 21 புரிந்தது. டிரம்ப் முதல் முறை பதவியேற்ற மறுநாள். அதற்குப் பதினைந்து நாள் முன்பு, 2016 தேர்தலில் புடின் உத்தரவின் பேரில் ரஷ்யா தலையிட்டது என்று சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ., என்.எஸ்.ஏ. மூன்றும் சேர்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தன. தன்னைப் பற்றிய சரிபார்க்கப்படாத தாள்கள் கசிந்ததற்கு உளவு அமைப்புகளைச் சாடி, நாம் என்ன நாஜி ஜெர்மனியிலா வாழ்கிறோம் என்று டிவிட்டரில் எரிந்து விழுந்திருந்தார் டிரம்ப். சரி, சமாதானம் பேசத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைக்க, லாங்லியில் உள்ள சி.ஐ.ஏ. தலைமையகத்துக்குப் போனார். பணியில் உயிர்விட்ட அதிகாரிகளுக்காக நட்சத்திரங்கள் பொறித்த சுவருக்கு முன்னால் நின்று அவர் பேசியவற்றில் ஒன்று, தன் பதவியேற்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது. பத்து லட்சம், பதினைந்து லட்சம் இருக்கும் போலத் தெரிந்தது, பத்திரிகைக்காரர்கள் குறைத்துக் காட்டுகிறார்கள் என்றார். உலகமெல்லாம் ஆளும் தளவாடமும் எண்ணுவதே தொழிலாக உள்ளவர்களிடம் போய் இதைச் சொன்னார். பெரியப்பாவிடம் சொன்னபோது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார்.

பின்னால் நடந்ததெல்லாம் அதே கேள்விதான். 2017 மே 9 அன்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி நீக்கம். 2018 ஜூலையில் ஹெல்சிங்கியில் புடினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் அமைப்புகள் சொன்னதையும் புடின் மறுத்ததையும் ஒரே தட்டில் வைத்தது. 2019 ஜனவரியில், ஈரானைப் பற்றித் தன் கருத்துக்கு ஒத்துவராத சாட்சியம் சொன்ன உளவுத் தலைவர்கள் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பதிவு போட்டது. ஒவ்வொரு தடவையும் தகவல் சரியா தப்பா என்பது ரெண்டாம் பட்சமாகப் போய், சொன்னவன் யாரு ஆளு என்பதே முதல் கேள்வியாக நின்றது.

இதோடு நிறுத்தினால் கட்டுரை டிரம்பைத் திட்டியதாக முடிந்துவிடும். அது நியாயமில்லை. ஏனென்றால் ‘நீ யாரு ஆளு’ என்று கேட்கத் தலைவர்களுக்கு உண்மையிலேயே காரணம் இருந்திருக்கிறது. எட்கர் ஹூவர் 1924 முதல் 1972இல் சாகும்வரை, 48 வருஷம், எஃப்.பி.ஐ.யைத் தன் சொந்தத் தோட்டம் போல வைத்திருந்தார். எத்தனையோ ஜனாதிபதிகள் வந்து போனார்கள், அவர் போகவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் தனி வாழ்க்கையை ஒட்டுக்கேட்டு, 1964இல் அவருக்கு எஃப்.பி.ஐ.யே ஒரு மொட்டைக் கடிதம் அனுப்பியது. உளவு அமைப்பு என்றால் உண்மை பேசும் உத்தமர்கள், தலைவர் என்றால் கேட்காத காது என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ருசி அதிகம்.

ஐ.பி. என்கிற உளவுத்துறையின் வேர் 1887இல், வெள்ளைக்காரன் காலத்தில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் பி.என். மல்லிக் 1950 முதல் 1964 வரை அதன் தலைவர். நேருவுக்கு அவர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. இருவருக்கும் இடையில் சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. எல்லையில் நாம் காவல் நிலைகளை முன்னே தள்ளினாலும் சீனா பெரிதாகத் திருப்பி அடிக்காது என்ற கணிப்பு அந்த நல்லுறவுக்குள்ளிருந்துதான் வந்தது. 1962 அக்டோபரில் அடி விழுந்தது. 1965 போரிலும் தகவல் போதவில்லை என்றானபோது, வெளிநாட்டு உளவைத் தனியாகப் பிரித்து 1968 செப்டம்பர் 21 அன்று ‘ரா’வை இந்திரா உருவாக்கினார். முதல் தலைவர் ஆர்.என். காவ். மூன்றே வருஷத்தில் வங்கதேசப் போரில் அதன் பேர் ஓங்கியது.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் இங்கேயும் மிசாவில் வீடு தேடி வந்து அழைத்துப் போனார்கள். யாரை அழைத்துப் போக வேண்டும் என்ற பட்டியல் டெல்லியில் தானாக முளைக்காது. கீழே யாரோ ஓர் ஏட்டு எழுதிய பேர்கள்தான் மேலே போய்த் திரும்பி வரும். பெரியப்பா அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள். தனக்கு மூத்தவர்கள் அந்த நாளில் எதை எழுதினார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். நானும் வற்புறுத்துவதில்லை.

விவசாயச் சங்கத்தைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவார். கரண்ட் கட்டணப் போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டது, 1972இல் கட்டை வண்டிகளைக் கொண்டுபோய்க் கோயமுத்தூர் நகரத்தையே அடைத்தது, இதெல்லாம் அவர் வேலைக்கு வருவதற்கு முந்திய கதை. ஆனால் நாராயணசாமி நாயுடுவின் கூட்டங்கள் அதற்குப் பிறகும் நடந்தன. இவரை அனுப்பினார்கள். “தோட்டத்துக்குக் கரண்டு பில்லு கட்டறவனும் நாந்தான், கட்ட மாட்டோம்னு சொல்றவனப் பத்தி எழுதறவனும் நாந்தான்” என்பார். அங்கே பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாலும் இவன் கவுண்டர் வீட்டுப் பையன், அவங்க பக்கம் சாய்ந்து எழுதுகிறான் என்றுதான் மேலே நினைத்தார்களாம்.

1977 தேர்தலைப் பற்றி ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் என்று உளவுத்துறை சொன்னதை நம்பித்தான் இந்திரா தேர்தலை அறிவித்தார் என்பது அது. இதில் என்னை யோசிக்கவைத்தது நம் பக்கத்து நிலவரம். அந்தத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலோ காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்குக் கோயமுத்தூரிலோ பொள்ளாச்சியிலோ உட்கார்ந்து ‘இந்திராம்மா பக்கம்தான் காற்று’ என்று எழுதிய ஏட்டு முழு உண்மையை எழுதியிருப்பான். அதே வரியை இந்திராவின் தொகுதியான ரேபரேலியில் எழுதியவன் பயந்து எழுதியிருப்பான், அல்லது பதவிக்கு எழுதியிருப்பான். மேலே படிக்கிறவருக்கு இரண்டு தாளும் ஒரே மாதிரிதான் தெரியும். தலைவருக்குப் பிடித்த சேதியில் எது உண்மை எது ஜால்ரா என்று பிரிக்க வழியே இல்லை. பிடிக்காத சேதியில் ஒரு வசதி, அதைக் கொண்டுவந்தவனுக்கு லாபம் எதுவும் இல்லை என்பதாவது தெரியும்.

மொரார்ஜி தேசாய் பிரதமரானார். நெருக்கடி நிலையில் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். ‘ரா’ என்றால் இந்திராவின் ஆட்கள் என்பது அவர் தீர்மானம். காவ் போனார். அடுத்து வந்த சங்கரன் நாயர், தலைவர் பதவியின் அந்தஸ்தைக் குறைத்ததால் சில மாதங்களில் விலகினார். பிறகு சன்டூக். ஆட்களும் நிதியும் வெட்டப்பட்டன. பாகிஸ்தான் கஹூட்டாவில் அணு வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியும் என்பதை ஜியா உல் ஹக்கிடமே மொரார்ஜி வாய்விட்டுச் சொல்லிவிட்டார் என்று ‘ரா’வில் வேலை பார்த்த பி. ராமன் பிற்பாடு எழுதினார். ராமன் மொரார்ஜியால் அடிபட்ட அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையும் நினைவில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். ஆனால் மொரார்ஜியைக் குற்றம் சொல்வது சுலபம். எதிர்க்கட்சிகளை உளவு பார்த்த ஆட்சியின் கையிலிருந்து வந்த கருவியை வேறு எப்படி அவர் பார்த்திருக்க முடியும்? நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரிக்க ஷா ஆணையம் போட்டார்கள், ஐ.பி.யையும் சி.பி.ஐ.யையும் ஆராய எல்.பி. சிங் தலைமையில் குழு போட்டார்கள். 1980இல் இந்திரா திரும்பி வந்ததும் எல்லாம் பரண் ஏறிவிட்டது.

பெரியப்பாவுக்குப் பிடித்த கதை 1991. ராஜீவ் காந்தி வீட்டுக்கு வெளியே ஹரியானா போலீஸ் உளவுப்பிரிவின் இரண்டு காவலர்கள் பிடிபட்டார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று காங்கிரஸ் கொதித்தது. அந்தக் கட்சியின் ஆதரவில் ஓடிக்கொண்டிருந்த பிரதமர் சந்திரசேகர் மார்ச் 6 அன்று ராஜினாமா செய்தார். கவிழ்க்க வேறு காரணங்களும் இருந்தன என்பது வேறு விஷயம். “ரெண்டே ரெண்டு பீசி, ஒரு பிரதமரு காலி” என்று தொடையைத் தட்டுவார். தன் இனத்தின் பெருமையாக அதைச் சொல்லுவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்றுண்டு. அதுதான் எனக்கு அதிக பயம் தருவது. 2003இல் இராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று புஷ் அரசு சொல்ல, சி.ஐ.ஏ. தலைவர் ஜார்ஜ் டெனட் பின்னால் உட்கார்ந்திருக்க, பிப்ரவரி 5 அன்று ஐ.நா.வில் வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் படம் போட்டுக் காட்டினார். எந்தச் சண்டையும் இல்லை. தலைவரும் அமைப்பும் ஒரே குரல். ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. போருக்கு முன் உளவு அமைப்புகள் எழுதிய அறிக்கையின் முக்கிய முடிவுகளில் பெரும்பாலானவை மிகைப்படுத்தியவை அல்லது ஆதாரம் போதாதவை என்று 2004 ஜூலையில் செனட் குழு எழுதியது. அதற்குள் நாடு ஒன்று நாசமாகியிருந்தது.

என் தொழிலிலிருந்து ஒன்று சொன்னால் இது எளிதாகப் புரியும். பனியன் கம்பெனியில் கியூ.சி. என்கிற தரம் பார்க்கும் ஆள் புரொடக்ஷன் மேனேஜருக்குக் கீழே சம்பளம் வாங்கினால், ஷிப்மென்ட் அன்று சாயங்காலம் கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது எந்தப் பெட்டியும் ஃபெயில் ஆகாது. ஓட்டை இருந்தால் ‘சின்ன ஓட்டை’, ஷேடு மாறினால் ‘லைட்ல அப்படித் தெரியுதுங்க’. அவன் கெட்டவன் இல்லை, மாதக் கடைசி. அதனால்தான் பையர் தன் செலவில் வெளி ஆளை இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்புகிறான். அந்த ஆள் வந்தால் எங்கள் முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், சண்டை வரும், மதியச் சாப்பாட்டுக்கு நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சரிக்கட்டப் பார்ப்போம். இவ்வளவும் தெரிந்துதான் பையர் அவனை அனுப்புகிறான்.

அமெரிக்காவில் அந்த வெளி ஆள், ஓட்டை உடைசலோடு, இருக்கிறார். நிக்சன் சி.ஐ.ஏ.வை வைத்து எஃப்.பி.ஐ.யின் வாட்டர்கேட் விசாரணையைத் தடுக்கப் பார்த்த ஒலிநாடா வெளிவந்து அவர் பதவி போனது 1974இல். அடுத்த வருஷம் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் ஒரு குழு ஹூவர் காலத்து அழுக்கையெல்லாம் கிளறியது. அதன் பின் 1976இல் செனட்டிலும் 1977இல் கீழவையிலும் நிரந்தரக் குழுக்கள் வந்தன. கபார்ட் மார்ச்சில் வாய் திறந்து சொன்னது அப்படி ஒரு குழுவின் முன்னால், கேமராவுக்கு எதிரே. அதனால்தான் ஜூனில் டிரம்ப் சொன்னதோடு பொருத்திப் பார்க்க உலகத்தால் முடிந்தது, திருப்பூர் பேக்கரியாலும் முடிந்தது.

இங்கே? ஐ.பி.க்கோ ‘ரா’வுக்கோ நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இரண்டையும் விலக்கி வைத்திருக்கிறது. இவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவரக் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி 2011இல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், காலாவதியானது. போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தில் உச்சநீதிமன்றமே குழு அமைத்தது. ஆராய்ந்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தெரியவந்தது. அப்புறம் எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பிரதமருக்கும் உளவுத் தலைவருக்கும் நடுவே கருத்து வேறுபாடு வந்ததா இல்லையா என்பது, ஓய்வு பெற்ற அதிகாரி யாராவது புத்தகம் போட்டால்தான் உண்டு.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது டெல்லி விவகாரம் மட்டுமில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று அத்வானி பேசவிருந்த மாலையில் வெடித்த குண்டுகளில் 58 பேர் இறந்தார்கள், இருநூறு பேருக்கு மேல் காயம். அதற்கு இரண்டரை மாதம் முன்புதான் நகரம் கலவரத்தில் எரிந்திருந்தது. நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் விசாரித்தது. ஆனால் ‘முன்னாடியே தெரியாதா அவங்களுக்கு?’ என்ற கேள்வியை இன்றைக்கும் உக்கடத்தில் கேட்கலாம், ஆர்.எஸ். புரத்தில் கேட்கலாம். வெவ்வேறு ஜனங்கள் வெவ்வேறு கோபத்தோடு கேட்பார்கள்.

எச்சரிக்கை எழுதுகிற கலையைப் பற்றிப் பெரியப்பா சொன்னது இங்கேதான் பொருந்தும். விநாயகர் சதுர்த்தி, டிசம்பர் 6, தேர்தல், தலைவர் வருகை, எது வந்தாலும் ‘சமூக விரோதிகளால் அசம்பாவிதம் நிகழ வாய்ப்புள்ளது, தக்க பாதுகாப்பு அவசியம்’ என்று ஒரு தாள் போகும். ஒன்றும் நடக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏதாவது நடந்துவிட்டால், நான் அன்றைக்கே எழுதினேனே என்று எடுத்துக் காட்டலாம். எழுதியவன் தப்பித்துக்கொள்ள எழுதும் எச்சரிக்கை இது. ‘இந்தத் தெருவில், இந்த வீட்டில், இவன்’ என்று எழுதினால்தான் உபயோகம். ஆனால் அப்படி எழுதி அது தப்பாகப் போனால், உனக்கு அவர்கள் மேல் என்ன காழ்ப்பு என்று கேட்பார்கள். சரியாகப் போனாலோ, உனக்கு எப்படித் தெரிந்தது, நீ யாரு ஆளு?

போன மாதம் சாளைக்குப் போயிருந்தபோது, நாடாளுமன்றக் குழு வேண்டும் என்று அவரிடம் வாதாடிப் பார்த்தேன். மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை.

“எல்லாக் கட்சிக்காரனும் அதுல உக்காருவான். நீ ராத்திரி சொன்னது காத்தால டீக்கடைக்கு வந்துரும்.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஈரான் அறிக்கை கசிந்த பிறகு வெள்ளை மாளிகையும் அதைத்தான் சொல்லி, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தரும் ரகசியத் தகவலைக் குறைக்கப் போவதாகக் கிளம்பியது. ஆனால் கசிகிறது என்பதற்காக யாருக்குமே காட்டக் கூடாது என்றால் இன்ஸ்பெக்ஷன் ஆளையே வேண்டாம் என்கிற முதலாளியின் வாதமாகிவிடுகிறதே என்றேன். நீதிபதிகளை வைத்துக் குழு போட்டால்? “அவுங்களுக்கு சேர்க்காரன்கிட்டப் போய்க் கேக்கத் தெரியுமா?” என்றார். எனக்கு அதற்குப் பதில் இல்லை. பெரியம்மா கம்பங்கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் குடித்துவிட்டுச் சண்டை போடுங்கள் என்று போனார்.

அப்படியானால் ஒன்றுமே வேண்டாமா, எல்லாம் இப்படியே இருக்கட்டுமா பெரியப்பா என்றேன். கொஞ்ச நேரம் கூழைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“எழுதுனது எழுதுனபடிக்கே ஒரு பெட்டியில இருக்கோணும். இருவது வருசமோ முப்பது வருசமோ கழிச்சு எவனோ ஒருத்தன் பிரிச்சுப் பாக்கோணும். அதுல என்ற பேரு இருக்கட்டும், எனக்கொன்னுமில்ல. என்ற ரிப்போர்ட்டத் திருத்துனவரு பேரும் கீழ இருக்கோணும், அவ்வளவுதான்.”